லாரி என்ஜினுக்கு ஆயில் கேட்ச் கேன்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

6 மார்ச் 2022, காலை. ஒரு வாசகரின் கேள்வி

என்னிடம் 2018இல் வாங்கிய பதினான்கு அடி லாரி ஒன்று இருக்கிறது. பி.எஸ்.4 புகை விதிப்படி வந்த வண்டி, நான்கு சிலிண்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். எல்லாம் உண்டு. இதுவரை 1,90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற வாரம், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியபோது உள்ளே ஆயில் படிந்திருந்தது. பட்டறையில் ஒருவர், என்ஜின் வெளிவிடும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் மாட்டச் சொல்கிறார். இன்னொருவர், அந்த ஆவி வரும் பிரீதர் ஹோஸைப் பிடுங்கித் தரையைப் பார்த்து விட்டுவிட்டால் போதும் என்கிறார். கேட்ச் கேன் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை வெறும் பளபளப்பான டப்பாதானா?

6 மார்ச் 2022, இரவு

நாமக்கல்லில் டீசல் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது சங்ககிரியில் மூன்று லாரிகள் வைத்து ஓட்டுகிறேன். அவற்றில் ஒன்று உங்களுடையதைப் போன்ற பதினான்கு அடி வண்டிதான் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டி, என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். நலமாக உள்ள என்ஜினில் இது, இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்குக்கு உள்ளேயே இருக்கும். ஒரு பங்கு என்பது கேட்பதற்குத்தான் சிறியது. 3.3 லிட்டர் என்ஜின் 2,600 சுற்றில் ஓடும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுப்பதால், நிமிடத்துக்கு 4,290 லிட்டர் இழுக்கிறது; டர்போ அதை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும் நிமிடத்துக்கு 85 லிட்டர் அழுக்குக் காற்று. அது வெளியேறியே ஆக வேண்டும். வெளியேறும்போது ஆயில் துளிகளையும், நீராவியையும், கரியையும், எரியாத டீசலையும் தன்னுடன் அள்ளிக்கொண்டு போகிறது.

பழைய லாரிகளில் இந்தக் காற்று பிரீதர் குழாய் வழியாக நேரே சாலைக்குப் போகும். உங்கள் வண்டியில் அது என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரிலிருந்து கிளம்பி, டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் சேர்கிறது. அந்த ஆயில் ஆவிதான் டர்போவையும் இன்டர்கூலரையும் கடந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு வரை போகிறது. அங்கே ஈ.ஜி.ஆர். வழியாக வரும் கரி அதன்மேல் ஒட்டுகிறது. கரி மட்டும் என்றால் பொடியாக இருக்கும். ஆயில் மட்டும் என்றால் படலமாக ஓடிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் தார் போன்ற பசை உண்டாகிறது.

ஆகவே என் கணக்கு இது: ஈ.ஜி.ஆர். உள்ள, பிரீதர் இன்டேக்கில் சேரும் வண்டிக்குக் கேட்ச் கேன் பயன் தரும். பிரீதர் சாலையைப் பார்த்துத் திறந்திருக்கும் வண்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் தெரிந்ததை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விரலால் தடவினால் ஒட்டும் அளவுக்குப் படலம் இருப்பது இயல்பு. ஹோஸைச் சாய்த்தால் ஊற்றும் அளவுக்கு இருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்; அது அடைத்திருந்தால் டர்போவின் கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் கூடி, சீலைத் தாண்டி ஆயிலை இழுக்கும். அடுத்து டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இந்த இரண்டில் கோளாறு இருந்தால் கேட்ச் கேன் மாட்டினாலும் ஹோஸில் ஆயில் வருவது நிற்காது, ஏனென்றால் அந்த ஆயில் பிரீதர் வழியாகவே வரவில்லை.

9 மார்ச் 2022

இணையத்தில் பார்க்கும் அமெரிக்க பிக்கப் வீடியோக்களை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை எழுத விட்டுவிட்டேன். அங்கே கேட்ச் கேன் பேச்சில் பெரும்பகுதி பெட்ரோல் என்ஜின்களைப் பற்றியது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறை வந்தபின், இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவது நின்றுபோனது. பிரீதர் ஆயில் அங்கேயே சுட்டுக் கரியாகப் படிந்தது. ஃபோர்டு நிறுவனம் 2017ஆம் ஆண்டு மாடல் எஃப்-150 பிக்கப்பின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் என்ஜினில், நேரடித் தெளிப்போடு இன்டேக் பாதையிலும் தெளிக்கும் இரண்டாவது வரிசை இன்ஜெக்டர்களைச் சேர்த்தது. அதனால் வால்வு மறுபடியும் கழுவப்படுகிறது. இப்படி இருவகைத் தெளிப்பு உள்ள என்ஜினுக்குக் கேட்ச் கேன் தேவை மிகவும் குறைவு.

டீசலில் இன்டேக் வால்வை எந்த எரிபொருளும் எப்போதும் கழுவியதே இல்லை. ஆகவே அந்த வீடியோக்களில் காட்டும் "முன்பு, பின்பு" வால்வுப் படங்கள் நம் கேள்விக்கு விடை சொல்லவில்லை. நம் கேள்வி கரியும் ஆயிலும் சேரும் இடத்தைப் பற்றியது.

27 மார்ச் 2022

பிறருக்குச் சொல்வதை நானே செய்து பார்க்காமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியதால், இரண்டு வாரங்களுக்கு முன் 1,800 ரூபாய்க்கு ஓர் அலுமினிய கேன் வாங்கி என் பதினான்கு அடி வண்டியில் மாட்டினேன். ரேடியேட்டர் பக்கவாட்டில், ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தேன். மாட்டும் முன் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். உள்ளே கரும்பசை ஒரு விரற்கடை அளவுக்கு ஏறி, காற்றுப் பாதை பாதியாகச் சுருங்கியிருந்தது.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி மைசூருக்குக் காய்கறி நடை, திரும்பும்போது கிடைத்த லோடு என்று இதுவரை 2,700 கிலோமீட்டர் ஓடிற்று. நேற்றிரவு டிரைவர் கூப்பிட்டு, "ஓனருங்க, டப்பா நெறஞ்சிருச்சுங்க" என்றார். வடித்து அளந்தேன்: 310 மில்லி. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் நிறை லோடோடு ஏறும் வண்டிக்கு இது ஆச்சரியமில்லை என்று நினைக்கிறேன். இவ்வளவும் மேனிஃபோல்டுக்குப் போயிருக்க வேண்டியது. கேன் தன் விலையை இரண்டே வாரத்தில் ஈடுகட்டிவிட்டது.

31 மார்ச் 2022

மேலே எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த 310 மில்லியைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தேன். வடித்த அன்று பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. மூன்று நாள் அசையாமல் வைத்தபின் அடியில் கலங்கல் தண்ணீரும், நடுவில் வெண்ணிறக் குழம்பும், மேலே கறுப்பு ஆயிலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. ஆயில் மட்டம் 90 மில்லிக்கு மேல் இல்லை.

காரணத்தை யோசித்தால் தவறு என்னுடையதுதான். டீசல் எரிந்தால் நீராவி உண்டாகும். அதில் ஒரு பகுதி பேக் கம்ப்ரஷனோடு வருகிறது. சூடான நிலையில் அது ஆவியாகவே இன்டேக் வழியாகப் போய் எந்தத் தீங்கும் செய்யாமல் வெளியேறியிருக்கும். நான் கேனை ஃபேன் காற்றில் குளிரும் இடத்தில் வைத்ததால், போயிருக்க வேண்டிய ஆவியைத் தண்ணீராக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதை ஆயில் என்று எண்ணி மகிழ்ந்திருக்கிறேன். கேன் எவ்வளவு நிறைந்தது என்பது அது எவ்வளவு ஆயிலைப் பிடித்தது என்பதற்கு அளவாகாது. நிறைந்த கேனைப் படம் பிடித்துக் காட்டுபவர்களிடம், மூன்று நாள் கழித்து அதே பாட்டிலின் படத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று. இந்தக் கலவையை மறுபடியும் என்ஜினில் ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஊற்றாதீர்கள். அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது, பேரிங்கை அரிக்கும். சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். பழைய ஆயில் டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள்.

17 ஏப்ரல் 2022

கேன் பிடிப்பதைப் பார்ப்பதைவிட, அது பிடிக்காமல் விட்டதைப் பார்ப்பதே சரியான சோதனை என்று தோன்றியது. கேனிலிருந்து வெளியே வரும் ஹோஸின் முனையை இன்டேக்கிலிருந்து கழற்றி, அதன் வாயில் வெள்ளை வேட்டித் துணியை ஒரே மடிப்பாகக் கட்டி, என்ஜின் நன்றாகச் சூடான நிலையில் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடவிட்டேன். இன்டேக்கின் திறந்த வாயை அடைத்துவிட்டேன். பிறகு கேனையே எடுத்துவிட்டு, நேரே பிரீதர் ஹோஸில் இன்னொரு துண்டைக் கட்டி அதே இருபது நிமிடம் ஓட்டினேன்.

இரண்டு துணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த என் மனைவிக்கு எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

இந்த 1,800 ரூபாய் கேனுக்குள் இருப்பது ஒரு தடுப்புத் தகடும் ஒரு கைப்பிடி எஃகு நாரும்தான். பெரிய துளிகள் தகட்டில் மோதி விழும். ஆனால் பிரீதர் ஆவியில் உள்ள ஆயிலில் பெரும்பங்கு ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் அளவிலுள்ள நுண்துளிகள். அவை காற்றோடு வளைந்து நெளிந்து தகட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அவற்றைப் பிடிக்க, நுண்ணிழை ஃபில்டர் உள்ள கேன் வேண்டும். நுண்துளிகள் இழையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கீழே சொட்டும். மான் ஹம்மெல் நிறுவனத்தின் புரோவென்ட் இந்த வகை; அதில் 200 என்ற எண்ணுள்ளது நிமிடத்துக்கு 200 லிட்டர் அளவுக்கு ஏற்றது, ஃபில்டர் அடைத்தால் திறந்துகொள்ளும் அழுத்த வால்வும் அதில் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய லாரி என்ஜின்கள் சிலவற்றில் ஃபில்டருக்குப் பதிலாக, தட்டுகளை வேகமாகச் சுழற்றி ஆயிலைப் பிரிக்கும் அமைப்பையே தொழிற்சாலையில் பொருத்துகிறார்கள். பாலைச் சுழற்றிப் பாலாடையைப் பிரிக்கும் இயந்திரம் செய்வது போன்ற வேலைதான்.

அந்த ஃபில்டர் வகையின் தோற்றத்தில் செய்யப்பட்ட ஒன்றை, பெயரில்லாத தயாரிப்பு, 4,200 ரூபாய்க்கு வாங்கி மாட்டி, துணிச் சோதனையை மறுபடி செய்தேன். இம்முறை துணியில் வெளிர் பழுப்புக் கறை மட்டுமே விழுந்தது. வேறுபாடு ஐயத்துக்கு இடமில்லாதது. குளிர்ந்து தண்ணீர் சேராதபடி, ஃபேன் காற்றிலிருந்து விலக்கி, என்ஜின் அருகில் சூடான இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

2 மே 2022

ஹோஸைத் தரையைப் பார்த்து விட்டுவிடலாமா என்ற பகுதிக்கு இன்னும் விடை சொல்லவில்லை என்று கேள்வி கேட்டவர் நினைவூட்டியிருக்கிறார். அவருக்கு நன்றி.

என்ஜினின் நலத்தை மட்டும் பார்த்தால் அதில் பெரிய தீங்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1960 வரை உலகில் கிட்டத்தட்ட எல்லா வண்டிகளும் அப்படித்தான் ஓடின. கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாடல் கார்களில்தான் இந்த ஆவியை மறுபடியும் இன்டேக்குக்கே திருப்பும் வால்வு வந்தது. மோட்டார் வண்டிப் புகையைக் குறைக்கப் பொருத்திய முதல் கருவி என்று அதைத்தான் சொல்கிறார்கள். டர்போ டீசல் லாரிகளுக்கு அமெரிக்காவிலேயே 2007ஆம் ஆண்டு மாடல் வரை விலக்கு இருந்தது.

ஆனாலும் நான் அதைச் செய்ய மாட்டேன். அந்தப் புகை டிரைவர் கேபினுக்கு நேர் கீழே வெளியேறுகிறது. சிக்னலில் நிற்கும்போதும், லோடு இறக்கக் காத்திருக்கும்போதும் அது கேபினுக்குள் ஏறுகிறது. எரியாத டீசலும் கரியும் உள்ள காற்றை நாளெல்லாம் மூச்சில் இழுப்பவர் நம் டிரைவர்தான். பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் அந்தப் புகையில் நின்ற எனக்கு இன்றும் காலையில் இருமல் வருகிறது. தவிர, மூடி வந்த பாதையைத் திறப்பது தொழிற்சாலை அமைப்பை மாற்றுவது. அப்படிச் செய்யும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் தண்டனை உண்டு.

19 ஜூன் 2022

முதல் நாள் எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். பிரீதர் திறந்துள்ள வண்டிக்குக் கேட்ச் கேனால் ஒரு பயனும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

பதினான்கு அடி வண்டியிலிருந்து கழற்றிய பழைய 1,800 ரூபாய் கேன் சும்மா கிடந்தது. என் பத்துச் சக்கர லாரி 2014 மாடல், பி.எஸ்.3, பிரீதர் நேரே சாலைக்குத்தான். அதன் அடியில் எப்போதும் ஆயில் சொட்டி, நிறுத்தும் இடமெல்லாம் கறையாகிறது என்று லோடு ஏற்றும் கிடங்குக்காரர் குறைசொன்னதால், பிரீதர் முனையில் அந்தக் கேனைக் கட்டிவிட்டேன். தரை அழுக்காகாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

மே மாதத்தில் மும்பை போய்வந்த முதல் நடையில், ஏறத்தாழ 2,500 கிலோமீட்டரில், தண்ணீர் பிரிந்தபின் 150 மில்லி ஆயில் இருந்தது. இரண்டாம் நடையில் 170. ஜூன் முதல் வாரத்தில் வந்த மூன்றாம் நடையில் 420. அதே பாதை, அதே டிரைவர், ஏறத்தாழ அதே லோடு. இதுவரை அந்த ஆயில் எல்லாம் சாலையில் சிந்திப் போய்க்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியவே வந்திருக்காது.

ரிங்கு போய்விட்டது, பாதி என்ஜின் வேலை வந்துவிட்டது என்று முடிவு செய்து, ஒன்றரை லட்சத்துக்குக் கணக்குப் போட்டு, நகையை அடகு வைப்பது வரை வீட்டில் பேசிவிட்டோம். என்ஜினைப் பிரிக்கும் முன் என் பழைய மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். கேனில் வந்த கணக்கைச் சொன்னதும், "ஏர் டேங்க் டிரெயினைத் திறந்துவிட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

அவர் சொன்னபடி செய்தேன். பிரேக் ஏர் டேங்குகளின் டிரெயின் காக்குகளை எல்லாம் திறந்துவிட்டு, காற்று சேராமல் என்ஜினை ஓடவிட்டால் பிரீதரில் புகை மெல்லியதாக வருகிறது. காக்குகளை மூடி, ஏர் ஏறத் தொடங்கி அழுத்தம் கூடக்கூட, பிரீதரில் புகை உந்தி உந்தி வருகிறது. டேங்க் நிறைந்து ஏர் கம்ப்ரஸர் வேலையை நிறுத்தியதும் மறுபடி தணிகிறது. தேய்ந்திருப்பது என்ஜினின் ரிங்கு அல்ல, ஏர் கம்ப்ரஸரின் ரிங்கு. பிரேக்குக்கான காற்று தன் ரிங்குகளைத் தாண்டி, கம்ப்ரஸரின் ஆயில் திரும்பும் வழியாக என்ஜின் கிராங்க் கேஸுக்குள் இறங்கி, அங்கிருந்து ஆயிலை அள்ளிக்கொண்டு பிரீதரில் வெளியேறியிருக்கிறது.

ஏர் கம்ப்ரஸருக்கு லைனரும் ரிங்கும் மாற்றிய செலவு கூலியோடு 7,600 ரூபாய். நகை பீரோவிலேயே இருக்கிறது.

20 ஜூன் 2022

நேற்று எழுதியதைப் படித்தவர்கள், கம்ப்ரஸரைக் கேன் காப்பாற்றியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேன் என்ஜினை எதிலிருந்தும் காக்கவில்லை. ஒரு நடைக்கு எவ்வளவு ஆயில் போகிறது என்பதை மூன்று முறை ஒரே விதமாக அளந்து எழுதியதால்தான் மாற்றம் தெரிந்தது. ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் 250 மில்லி வேறுபாட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் சரிவான இடத்தில் நிறுத்திப் பார்க்கும் டிரைவரால் முடியவே முடியாது.

8 செப்டம்பர் 2022

வருத்தமான குறிப்பு இது. பதினான்கு அடி வண்டி நான்கு நாட்களாகக் கிருஷ்ணகிரியில் பட்டறையில் நிற்கிறது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் விட்டு, கிளட்ச் பிளேட் முழுவதும் ஆயில். கியர்பாக்ஸை இறக்கி, சீலும் கிளட்ச் பிளேட்டும் மாற்ற வேண்டியதாயிற்று. தக்காளி லோடு வேறு வண்டிக்கு மாறியதில் வந்த நட்டம் தனி.

காரணம் நான் மாட்டிய ஃபில்டர் கேன்தான். ஏப்ரலிலிருந்து ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் ஓடியும் ஃபில்டரை ஒருமுறைகூட மாற்றவில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் கரிக்கட்டியாக இறுகியிருக்கிறது. அடைத்தால் திறக்க வேண்டிய அழுத்த வால்வு, தோற்றத்துக்கு மட்டுமே செய்யப்பட்டிருந்தது: மேலே மூடி உண்டு, உள்ளே ஸ்பிரிங் இல்லை. நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றுக்கு வழி அடைபட்டால் அது வேறெங்காவது வழி தேடும். பின் சீலில் தேடிக்கொண்டது.

நல்ல வேளையாகச் சீலோடு போயிற்று. கேன் நிறைந்து வழிந்தோ, உள்ளே தேங்கிய ஆயில் ஏற்றத்தில் ஒரே மூச்சாக இன்டேக்குக்குள் இழுக்கப்பட்டோ இருந்தால், என்ஜின் அந்த ஆயிலையே டீசலாக எரித்துக்கொண்டு சாவிக்குக் கட்டுப்படாமல் ஓடத் தொடங்கியிருக்கும். கேன் மாட்டும் எல்லோரும் இதை டிரைவருக்குச் சொல்லிக்கொடுங்கள்: சாவியை அணைத்தும் என்ஜின் சீறிக்கொண்டு ஓடினால், டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது.

11 செப்டம்பர் 2022

பழுதுக்குப் பின் கற்றுக்கொண்ட அளவை முறை. மூன்று மீட்டர் நீளத்துக்கு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் வளைத்துப் பலகையில் அடித்து, பாதிவரை நீல மை கலந்த தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருகுங்கள். மறுமுனை திறந்திருக்கட்டும். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாடுதான் கிராங்க் கேஸ் அழுத்தம். என் வண்டியில் 2,200 சுற்றில், அடைத்த ஃபில்டரோடு 18 சென்டிமீட்டர் ஏறியது. புது ஃபில்டரோடு 3 சென்டிமீட்டர். கேனே இல்லாமல் 2 சென்டிமீட்டர். நூறு ரூபாய்கூட ஆகாத கருவி. ஏப்ரலிலேயே செய்திருந்தால் கிருஷ்ணகிரிச் செலவு வந்திருக்காது.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் எதை வாங்கும் முன்னும் இதைச் செய்யுங்கள். கேன் இல்லாமலேயே உங்கள் வண்டியில் மட்டம் கூடுதலாக ஏறினால், உங்களுக்கு வேண்டியது கேன் அல்ல; ரிங்கு, ஏர் கம்ப்ரஸர், டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கச் சீல் ஆகிய மூன்றையும் பார்க்கும் ஒரு நல்ல மெக்கானிக்.

4 டிசம்பர் 2022

பி.எஸ்.6 வண்டிக்கு மாட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனது மூன்றாவது வண்டி 2021 மாடல். அதை நான் தொடவில்லை.

ஆசை வருவதற்குக் காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பி.எஸ்.6 லாரியின் சைலன்சரில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துவிடும். ஆனால் என்ஜின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்க்கைகளின் சாம்பலை எரிக்க முடியாது. அந்த வண்டிகளுக்கான சி.கே.4 வகை ஆயிலில் சாம்பல் எடையில் நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது விதி. அப்படியும் பத்து லிட்டர் ஆயில் எரிந்தால் 87 கிராம் வரை சாம்பல் டி.பி.எஃப்.இல் நிரந்தரமாகத் தங்கும். பிரீதர் வழியாகப் போகும் ஆயிலைக் குறைப்பது நல்லதுதான் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஆனால் அந்த வேலையைச் செய்யும் பிரிப்பானைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். என் வண்டியில் அது ஃபில்டர் வகை. மாற்ற வேண்டிய கிலோமீட்டர் கையேட்டில் எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசலிலும் இதே போன்ற ஃபில்டர் உண்டு. அதை 67,500 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,08,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அங்கும் பலர் அதை மறந்துவிட்டு, வெளியே இன்னொரு கேன் வாங்கி மாட்டுகிறார்கள். இருக்கும் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். வாரண்டியும் கையில் இருக்கும்.

12 பிப்ரவரி 2023

பதினான்கு அடி வண்டியின் இன்டேக் மேனிஃபோல்டை, சுத்தம் செய்து பதினொரு மாதங்கள், 52,000 கிலோமீட்டர் கழித்து நேற்றுக் கழற்றினேன். செப்டம்பருக்குப் பிறகு, வேலை செய்யும் வால்வு உள்ள நல்ல தயாரிப்பு ஒன்றை, பழையதைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்து மாட்டியிருந்தேன்; ஃபில்டரை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

மேனிஃபோல்டு சுத்தமாக இல்லை. கரி இருக்கிறது. ஆனால் முன்பிருந்த தார்ப் பசை இல்லை. ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டினால் உலர்ந்த பொடியாக உதிர்கிறது. ஒரு விரற்கடை இருந்த இடத்தில் இப்போது அட்டைப் பெட்டித் தாளின் தடிமன்தான். முன்பு மண்ணெண்ணெயில் ஒருநாள் ஊறவைத்துச் சுரண்டிய வேலை, இம்முறை பிரஷும் கம்ப்ரஸர் காற்றுமாக ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இதை முழுதாகக் கேன் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. முன்பிருந்த பசை 1,60,000 கிலோமீட்டர் சேர்ந்தது, இது 52,000. அதோடு கிருஷ்ணகிரிப் பழுதின்போதே ஈ.ஜி.ஆர். வால்வையும் மாற்றினேன், பழையது முழுதாக மூடாமல் கரியைக் கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தது. தடிமன் குறைந்ததற்கு அந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம். பசை பொடியானதற்கு மட்டும் கேன்தான் காரணம் என்று நம்புகிறேன், ஏனென்றால் ஆயில் வராவிட்டால்தான் கரி உலர்ந்து கிடக்கும்.

கேள்வி கேட்டவர் சென்ற மாதம் தம் வண்டியோடு சங்ககிரி வந்திருந்தார். டியூபைச் செருகிப் பார்த்தோம், 2 சென்டிமீட்டர்தான். ஏர் ஃபில்டர்தான் மண்ணாக அடைத்திருந்தது. அதை மாற்றிக்கொண்டு போனார். இன்டர்கூலர் ஹோஸ் இப்போது படலத்தோடு நிற்கிறது என்று நேற்றுப் படம் அனுப்பியிருக்கிறார். கேன் இன்னும் வாங்கவில்லை. அடுத்த முறை மேனிஃபோல்டு கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். பத்துச் சக்கர வண்டியின் பிரீதர் முனையில் அந்த 1,800 ரூபாய் கேன் இன்றும் தொங்குகிறது. சென்ற மும்பை நடையில் 140 மில்லி.